மருந்து எழுதும் உரிமை வந்த பிறகு

இந்த வருடம் ஒப்டோமெட்ரிஸ்டாக, கண் பரிசோதகராக, அனுமதி பெற்று வேலைக்கு வந்திருக்கும் உங்களில் சிலர் போன மாதம் என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவர் கேட்டார்: "அக்கா, மருந்து எழுத உரிமை இல்லாத காலத்திலை நீங்கள் என்னெண்டு வேலை செய்தனீங்கள்?"

"கண்ணாடியை மட்டும் எழுதிப்போட்டு நிம்மதியா இருந்தனான்" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளிர்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் யோசித்தேன், நான் பகிடிக்குச் சொன்னது முழுக்கப் பகிடி இல்லை என்று. அதை ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டும். மேசையைச் சுற்றி அத்தனை பேர் இருக்கும்போது சொல்ல வரவில்லை. எழுதினால் வரும்.

என் கிளினிக் மொன்ட்ரியாலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், ஒரு சேலைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நானும், மிஷ்லின் என்ற ஹெய்ட்டிப் பெண்ணும் மட்டும். மிஷ்லின் மொன்ட்ரியால்-நோரில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்து முன்மேசையில் இருப்பாள். கீழே இருந்து சேலைக் கடைப் பாட்டு மேலே வரும். உள்ளே இருட்டறையில் நானும் நோயாளியும். எங்கள் வேலையின் விசித்திரம் உங்களுக்கும் சீக்கிரம் விளங்கும். ஒரு நாளில் எத்தனையோ பேரின் மூச்சு எங்கள் முகத்தில் படுகிறது. தாயும் பிள்ளையும்கூட அவ்வளவு கிட்ட இருந்து ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க மாட்டார்கள். ஆனால் மாலையில் விளக்கை அணைக்கும்போது அன்றைக்கு ஒருவரோடும் கதைக்காதது போல இருக்கும்.

உரிமை இல்லாத காலத்தில், சிவந்த கண்ணோடு ஒருவர் வந்தால் எனக்கு நோய் தெரியும், மருந்தும் தெரியும். கொடுக்க மட்டும் முடியாது. மிஷ்லின் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துத் தருவாள். அங்கே ஒரு கண் வைத்திய நிபுணர் இருந்தார். கியூபெக்காரர், கரகரத்த குரல். நான் கண்டதைச் சொல்லுவேன். அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். "நான் போனை எடுக்காமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்பார். எனக்குக் கோபம் வரும். எனக்குத்தான் எதுவும் செய்ய அனுமதி இல்லையே, பிறகு ஏன் இந்தக் கேள்வி? இருந்தாலும் சொல்லுவேன். சரி என்றால் "அனுப்புங்கள்" என்பார். பிழை என்றால் "மறுபடியும் பாருங்கள்" என்பார். அவ்வளவுதான். பல வருடம் அப்படிக் கதைத்தோம். அவருடைய முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

சட்டம் மாறியது. உடனே இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் சோதிப்பதற்கு மட்டும் மருந்து விடலாம் என்றார்கள். பிறகு, மேலதிகமாகப் படித்து, பரீட்சை எழுதித் தேறியவர்கள் சில மருந்துகளை எழுதலாம், கொடுக்கலாம் என்றார்கள். நான் வேலை முடிந்து கோட்-டெ-நெய்ஜுக்கு வகுப்புக்குப் போய்ப் படித்தேன். அனுமதி கையில் வந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து அவரிடம் சொன்னேன். வாழ்த்துச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்படியானால் இனி அடிக்கடி போன் எடுக்க மாட்டீர்கள்" என்றார். பிறகு, "நல்லது" என்றார்.

அடுத்த நாள் இமை வீங்கிய ஒரு கிரேக்கப் பெண்ணுக்கு என் முதல் மருந்துச் சீட்டை எழுதினேன். கொஞ்ச நேரத்தில் பார்மசியில் இருந்து போன் வந்தது. "இதை எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறதா?" என்று மருந்தாளர் கேட்டார். "இருக்கிறது" என்று சொன்ன என் குரல் எனக்கே நம்பிக்கை தரவில்லை. அவர் சட்டத்தைத் தேடிப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். மிஷ்லின் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அந்தச் சீட்டின் அடியில் என் கையெழுத்து மட்டும் தனியாக இருந்தது. அதற்கு மேலே வேறு ஒரு வைத்தியருடைய பெயரும் இல்லை. அந்த உணர்வுதான் உரிமை. அது பெருமையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இருக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது ராஜி அக்காவைப் பற்றி.

ராஜி அக்கா நான் இருந்த கட்டடத்தில் என்னுடைய மாடிக்கு இரண்டு மாடி கீழே இருந்தவர். சொந்த ஊர் வடமராட்சி. கணவர் இறந்துவிட்டார், ஒரே மகள் ரொறன்ரோவில். கிட்டே இருந்த ஆஸ்பத்திரியின் சமையல்கூடத்தில் வேலை. கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் ஒன்று என் காசை விழுங்கிவிட்டு நின்றபோது, பின்னால் வந்து அதற்கு ஒரு உதை விட்டு ஓட வைத்தவர் அவர்தான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு ஒன்றாக. நான் கலியாணம் கட்டவில்லை. சின்ன வயதில் மாமாவோடு இங்கே வந்தேன், மாமாவும் போய்விட்டார். என் குசினிக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு வரக்கூடிய ஒரே ஒரு மனிசி இந்த நகரத்தில் ராஜி அக்கா. என் மீன் குழம்பில் உப்பு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவரும் அவர்தான்.

அவருக்கு இளவேனில் தொடங்கினால் கண் கடிக்கும், சிவக்கும், நீர் வடியும். ஒவ்வாமை. சமையல்கூடத்து நீராவியும் சேர்ந்து கொள்ளும். கிளினிக்குக்கு வாங்கோ, பார்க்கிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "உன்னட்டை வந்து இருந்தால் பிறகு நீ எனக்கு டொக்டர். எனக்குப் பிள்ளையாய் இரு, அது காணும்" என்று சிரிப்பார்.

ஒரு ஞாயிறு மேசையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. மரங்கள் பூத்துக் கொட்டும் காலம் அது. அந்தக் கண் அப்படி இருக்கவே கூடாது.

"கண் நல்லாயிருக்கே அக்கா, என்ன செய்தனீங்கள்?"

"மருந்து விடுறன். பெறாமகள் ஊரிலை இருந்து வரேக்கை கொண்டந்தவ. விட்டு அடுத்த நாளே சிவப்புப் போயிடும். அருமையான மருந்து பிள்ளை." கைப்பையில் இருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். "இது முடியப் போகுது. உனக்குத்தான் இப்ப எழுத உரிமை இருக்கே. ஒண்டு எழுதித் தாவன்."

குப்பியை எடுத்துப் பார்த்தேன். ஸ்டீரொய்ட். வலுவானது. ஊரில் எங்கோ ஒரு பார்மசியில் வைத்தியரின் துண்டு இல்லாமலே யாரோ கொடுத்திருக்கிறார்கள். இங்கே அதைச் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. ஏன் முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்: நீண்ட நாள் விட்டால் அது கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றி நரம்பைக் கெடுக்கும்.

"எவ்வளவு காலமா விடுறியள்?"

"ஆர் கணக்கு வைச்சது? முந்தின வருசமும் விட்டனான்."

நாளைக்கே கிளினிக்குக்கு வர வேண்டும், கண்ணழுத்தம் பார்க்காமல் இந்த மருந்தில் ஒரு துளியும் எழுத மாட்டேன் என்று சொன்னேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்த விதத்தில் இருந்து அது தெரிந்தது. ஆனாலும் வந்தார். எனக்காகத்தான் வந்தார், தன் கண்ணுக்காக இல்லை.

இரண்டு கண்ணிலும் அழுத்தம் இருக்க வேண்டியதைவிட மிக அதிகமாக இருந்தது. இடது கண் நரம்பு ஏற்கனவே குழிந்திருந்தது. பக்கப் பார்வை இடது கண்ணில் நிறையப் போயிருந்தது. நேரே பார்க்கும் பார்வை தெளிவாக இருந்ததால் அவருக்கு எதுவும் தெரியவில்லை. இந்தக் கண்ணழுத்த நோயின் வஞ்சகம் அதுதான். நோகாது, சிவக்காது. அந்தக் கண் கண்ணாடியில் பார்க்க அழகாக இருந்தது.

அழுத்தத்தைக் குறைக்கும் துளியை அன்றே விட்டேன். நிபுணரிடம் அவசரமாகக் காட்ட ஏற்பாடு செய்கிறேன் என்றேன். ஊர் மருந்தை நிறுத்தவேண்டும், ஒவ்வாமைக்கு வேறு மருந்து எழுதித் தருகிறேன், அது இவ்வளவு வேகமாக வேலை செய்யாது, கொஞ்ச நாள் கண் சிவந்துதான் இருக்கும் என்று எல்லாம் விளக்கினேன்.

அவர் கதிரையில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "எனக்கு வடிவாத் தெரியுது. அந்தச் சுவரிலை இருக்கிற கடைசி எழுத்துவரை வாசிச்சனான். நீ பார்வை போகுது எண்டுறாய்" என்றார்.

"நடுவிலை தெரியும் அக்கா. பக்கத்திலைதான் போகுது. போனது திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாத்த வேணும்."

"சிவந்த கண்ணோடை என்னைச் சமையலுக்கை விடமாட்டினம். தொத்து வருத்தம் எண்டு வீட்டை அனுப்பிப்போடுவினம். போன முறை அனுப்பினவை. உனக்கு அது தெரியுமோ?" பிறகு குரலை இறக்கினார். "ஒரே ஒரு குப்பி எழுதித் தா. நான் மெல்ல மெல்ல நிப்பாட்டிடுறன்."

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வெளியே இருப்பவர்கள் உரிமை என்றால் எழுதுவது என்று நினைக்கிறார்கள். அந்த நிமிடம் பேனா என் கையில் இருந்தது. ஒரு குப்பியால் என்ன வந்துவிடும் என்று எனக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது. முன்பானால் "எனக்குச் சட்டத்திலை இடமில்லை அக்கா, நான் என்ன செய்யிறது" என்று சட்டத்தின் பின்னால் ஒளிந்திருக்கலாம். அவர் சட்டத்தைத் திட்டிவிட்டு ஞாயிறு சாப்பிட வந்திருப்பார். இப்போது ஒளிய இடமில்லை. மறுப்பது சட்டம் இல்லை, நான்.

"இல்லை அக்கா. எழுத மாட்டன்."

அவர் எழுந்து குளிர்ச் சட்டையைப் போட்டார். வாசலில் நின்று, "நீ தராட்டி ஊரிலை இருந்து வரும்" என்றார். நிபுணரிடம் நாள் எடுத்துக் கொடுத்தேன், போகவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து எனக்குத் தகவல் வந்தது. போன் எடுத்தேன், எடுக்கவில்லை. கதவைத் தட்டினேன். உள்ளே ரீவி சத்தம் கேட்டது, நின்றது, பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஞாயிறு நான் ஒரு ஆளுக்குச் சமைத்தேன். அதற்கு அடுத்த ஞாயிறும். நிலக்கீழ் அறையில் ஒருமுறை என்னைக் கண்டுவிட்டு, ஈர உடுப்பை அப்படியே கூடைக்குள் போட்டுக்கொண்டு படியேறிப் போனார். அதன் பிறகு எத்தனையோ நாள் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அது எந்த மாடியில் நிற்கிறது என்று.

யாரிடமாவது சொல்லலாம் என்றால் யாரிடம் சொல்வது? அவர் என் நோயாளி. கோவிலில் சந்திக்கும் பெண்கள், "ராஜியோடை என்ன பிரச்சினை? நல்லா ஒட்டியெல்லோ இருந்தனீங்கள்" என்று கேட்டார்கள். ராஜி அக்கா தன் பக்கத்தைச் சொல்லியிருந்தார். உரிமை வந்த பிறகு எனக்குத் தலைக்கனம் என்று. அவர் என்னவும் சொல்லலாம். நான் வாயைத் திறக்க முடியாது. "ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு அர்ச்சனைத் தட்டோடு நகர்ந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, மழை விழுந்து விழுந்தபடியே பனிக்கட்டியாக உறைந்துகொண்டிருந்தது. மிஷ்லினை நேரத்துக்கே வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். நானும் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒரு இளம் பெண் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். ஒரு கண்ணைப் பொத்தியிருந்தாள். பெயர் திலகா. ஊர் வவுனியா. ஒரு சின்ன மகள், அயலாளிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"வெளிச்சம் பார்க்கேலாது மிஸ். முதல் கொஞ்சம் சிவந்தது. மருந்து விட நல்லாகின மாதிரி இருந்தது. இப்ப ஒண்டும் தெரியேல்லை. எல்லாம் புகையா இருக்கு."

"என்ன மருந்து விட்டனீங்கள்?"

குப்பியை எடுத்துக் காட்டினாள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. அதே மூடி, அதே நிறம்.

"ஆர் தந்தது?"

"எங்கடை வேலையிலை ராஜி அக்கா எண்டு ஒரு ஆள். தங்கமான மனிசி. என்ரை கண்ணைப் பார்த்துப்போட்டு, வேலையாலை அனுப்பப் போறாங்கள் எண்டு பயந்து, தன்ரையிலை இருந்து தந்தவ."

சாயத்தை விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தேன். கருவிழியின் நடுவில் புண். வழக்கமாக இந்த வகை வைரஸ் புண் மரக்கிளை மாதிரி மெல்லிசாக ஓடும். இது கிளையாக இல்லை. கிளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தேசப்படத்தில் ஒரு நாடு மாதிரிப் பரந்து கிடந்தது. ஸ்டீரொய்ட் அதற்குத் தீனி போட்டிருந்தது.

அல்லது நான் நினைப்பது முழுக்கப் பிழையாகவும் இருக்கலாம். இதே மாதிரித் தோற்றம் காட்டும் வேறு கிருமிகளும் இருக்கின்றன. அவற்றுக்கு வைரஸ் மருந்து உதவாது, நேரம்தான் வீணாகும். ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன். நீண்ட நேரம் பாட்டுப் போனது. கடைசியில் ஒரு இளம் வைத்தியர் எடுத்தார். வீதியெல்லாம் உறைந்து, விழுந்து கையும் காலும் உடைந்தவர்களால் அவசரப் பிரிவு நிறைந்திருக்கிறது, கண் நிபுணர் வர முடியாமல் இருக்கிறார், நாளைக் காலை பார்க்கலாம் என்றார். "அதுவரைக்கும் நீங்கள் சரியென்று நினைப்பதைத் தொடங்குங்கள்" என்றார். போனை வைத்தார்.

அந்தக் கரகரத்த குரல்காரர் அப்போது ஓய்வு பெற்றுப் போயிருந்தார். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. நான் போனை எடுக்காமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பல வருடமாக அவர் என்னை எதற்குத் தயார் செய்தார் என்பது அந்த மாடியில், ஜன்னலில் பனிக்கட்டி படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போது விளங்கியது. ஒருநாள் முடிவை நான் தனியாக எடுக்க வேண்டிவரும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

திரும்பி வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். அவசரப்படாமல் கேட்டேன்.

"கண்ணுக்குள்ளை லென்ஸ் போடுறனீங்களா?"

"இல்லை மிஸ்."

"செடி, மண், ஏதாவது கண்ணிலை பட்டதா?"

"இல்லை."

"காய்ச்சல் வந்தால் உதட்டிலை கொப்புளம் போடுமா?"

"ஓம். ஒவ்வொரு முறையும் போடும். இதுக்கு முதலும் போட்டது."

பஞ்சை மெல்லிய நூல் போல் திரித்து, நல்ல கண்ணின் கருவிழியைத் தொட்டேன். சட்டென்று இமைத்தாள், தலையைப் பின்னுக்கு இழுத்தாள். பிறகு நோயுள்ள கண்ணைத் தொட்டேன். அவள் இமைக்கவில்லை. "தொட்டனீங்களா?" என்று கேட்டாள். உதட்டில் கொப்புளம் போடும் அதே வைரஸ்தான் கண்ணில் உணர்ச்சி நரம்பை மந்தமாக்கும். அதோடு என் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. முழுக்க இல்லை. முழுக்கத் தீர்ந்த பிறகுதான் எழுதுவேன் என்று இருந்தால் நீங்கள் ஒருநாளும் எழுத மாட்டீர்கள்.

ஊர் மருந்தை இந்த நிமிடத்தோடு நிறுத்தச் சொன்னேன். வைரஸுக்கான துளியை எழுதினேன். மெட்ரோவுக்குப் பக்கத்துப் பார்மசிக்குப் போன் எடுத்து, அந்த மருந்து இருக்கிறதா என்று கேட்டு, பூட்டாமல் நிற்கச் சொன்னேன். அவளால் ஒரு கண்ணோடு அந்த வழுக்கலில் நடக்க முடியாது என்று நானே கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். இரண்டு பேரும் கிழவிகள் மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தோம். பார்மசியின் உள்ளே போனதும் வாசலில் வைத்தே முதல் துளியை விட்டேன்.

அங்கேதான் அவள் கேட்டாள்: "மிஸ், ராஜி அக்காவும் இதைத்தானே விடுறா. அவவுக்கும் இப்பிடி வருமோ?"

ராஜி அக்காவை எனக்குத் தெரியும் என்றோ, அவர் கண்ணில் நான் என்ன பார்த்தேன் என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதேபோல் நாளைக்குப் படியிறங்கிப் போய் ராஜி அக்காவிடம் திலகாவைப் பற்றியும் சொல்ல முடியாது. இரண்டு பேருடைய இரகசியமும் என்னிடம் இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று மருந்து. நான் நடுவில் ஊமையாக நின்றேன்.

"இந்தக் குப்பியாலை உங்களுக்கு என்ன வந்ததெண்டு நீங்கள்தான் அவவிட்டைச் சொல்ல வேணும்" என்றேன். "கோபமாச் சொல்ல வேண்டாம். ஆனால் கட்டாயம் சொல்லுங்கோ."

திலகாவின் கண் பிழைத்தது. மறுநாள் காலை நிபுணர் பார்த்து, அதே மருந்தைத் தொடரச் சொன்னார். நடுவில் ஒரு மெல்லிய தழும்பு நின்றுவிட்டது. இரவில் வாகன வெளிச்சங்கள் சிதறித் தெரிவதாகச் சொல்வாள். மகளின் முகம் தெளிவாகத் தெரிகிறது.

அவள் சொன்னபடி சொல்லியிருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு நாள் மத்தியானம் மிஷ்லின் உள்ளே வந்து, "வெளியே ஒரு மதாம் நிற்கிறார், நாள் எடுக்கவில்லை, இருக்கச் சொன்னால் இருக்கிறார் இல்லை" என்றாள். போய்ப் பார்த்தேன். ராஜி அக்கா. வேலைச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். கண் இரண்டும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அவர் அந்த மருந்தை நிறுத்தியிருந்தார் என்பது அதிலேயே தெரிந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதை மிஷ்லினின் மேசையில் கவிழ்த்தார். குப்பிகள் உருண்டன.

"அந்தப் பிள்ளையின்ரை கண்ணை நானெல்லோ கெடுத்தனான்" என்றார். "நல்லது செய்யிறன் எண்டுதானே குடுத்தனான். இதுகளை என்ன செய்யிறது? குப்பையிலை போட்டால் ஆரும் எடுத்துப்போடுவினம்."

நான் குப்பிகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன். "நான் பார்மசியிலை குடுக்கிறன், அவை அழிப்பினம். நீங்கள் உள்ளுக்கு வாங்கோ அக்கா" என்றேன். உள்ளே இருட்டறையில் நாடியைப் பரிசோதனைக் கருவியின் தாங்கியில் வைத்துக்கொண்டு, என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அழுதால் அழுத்தம் சரியாக எடுக்க முடியாது. நான் விளக்கை அணைத்துவிட்டு அவர் முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் இருந்தேன்.

இந்த முறை நிபுணரிடம் போனார். வலது கண்ணில் பெரும்பகுதி காப்பாற்றப்பட்டது. இடது கண்ணின் பக்கப் பார்வை போனது போனதுதான். சில மாதங்கள் முந்தி நிறுத்தியிருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை.

கதை இங்கே நல்லபடி முடிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வரவில்லை. இரண்டு தடவை வந்தார். மேசையில் இருந்தார். குழம்பு நல்லாயிருக்கு என்றார். ராஜி அக்கா என் குழம்பை நல்லாயிருக்கு என்று சொன்னால் அதன் அர்த்தம் எனக்கு விளங்காதா? அவருக்கு என்னில் கோபம் இல்லை. வெட்கம் இருந்தது. கோபம் ஆறும், வெட்கத்துக்கு என்னிடம் எழுத மருந்து இல்லை. மூன்றாவது ஞாயிறு அலுப்பாக இருக்கு என்றார். பிறகு நான் கேட்பதை விட்டேன். ஆனால் கண்ணைக் காட்ட ஒரு தவணையும் தவறாமல் வந்தார். மிஷ்லினிடம் நாள் எடுத்து, மற்றவர்களோடு வரிசையில் இருந்து, முறை வந்ததும் உள்ளே வருவார். "எப்பிடி இருக்கிறியள் அக்கா?" என்றால் "கண் பரவாயில்லை" என்பார்.

இதற்குப் பிறகு, நெருங்கியவர்களை நான் பார்ப்பதில்லை, வேறு ஒருவரிடம் அனுப்பிவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நல்ல நண்பர்கள் கிடைப்பது கஷ்டம், ஒப்டோமெட்ரிஸ்ட் எல்லா இடத்திலும் கிடைக்கும். ஆனால் அன்றைக்கு அந்த மேசையில் மறுபடி அந்தக் குப்பி வைக்கப்பட்டால், மறுபடியும் எழுத மாட்டேன் என்றுதான் சொல்லுவேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் இல்லாமல் இருப்பதும் துக்கமாக இருப்பதும் ஒன்றாக நடக்கலாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

ராஜி அக்கா வேலையை விட்டு ரொறன்ரோவுக்கு மகளிடம் போவதற்கு முன்பு கடைசியாக ஒரு தடவை வந்தார். அழுத்தம் அடங்கியிருந்தது. அங்கே பார்க்க வேண்டிய நிபுணருக்குத் தேவையானதெல்லாம் அனுப்பிவிட்டேன் என்றேன். எழுந்து போகப் பார்த்தவரை மறித்து, அதுவரை நான் ஒரு நோயாளியிடமும் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"ஒவ்வொரு நாளும் மருந்தை ஆர் உங்களுக்கு விட்டுவிடுறது?"

"ஆர் இருக்கினம்? நான்தான்."

"அங்கை போனால் மகள்?"

"அவ விடியவே வேலைக்குப் போயிடுவா. பேத்திக்கு என்ரை தமிழும் விளங்காது." கைகளை மடியில் வைத்துப் பார்த்தார். சமையல்கூடத்து வேலையில் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. "பாதி கன்னத்திலைதான் விழும். நான் சொல்லேல்லை."

எத்தனை பேருக்கு எத்தனை துளி எழுதியிருப்பேன். தனியாக இருக்கும் ஒருவர் அதை எப்படித் தன் கண்ணில் விடுவார் என்று நான் யோசித்ததே இல்லை. நானும் தனியாகத்தான் இருக்கிறேன்.

வெறும் கண்ணீர்த் துளிக் குப்பி ஒன்றை எடுத்தேன், மருந்து இல்லாதது. கதிரையைப் பின்னுக்குச் சாய்த்தேன். மற்றக் கையை நெற்றியில் ஊன்றி, அதன்மேல் குப்பி பிடித்த கையை வைத்தால் நடுங்காது என்று காட்டினேன். கீழிமையை ஒரு பை மாதிரி இழுத்து, மேலே முகட்டைப் பார்த்து, குப்பியை அழுத்த வேண்டும். முதல் துளி மூக்கில் விழுந்தது. அடுத்தது காதுக்கு ஓடியது. வெளியே வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். மிஷ்லின் ஒருமுறை கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்தினாள்.

"நீ விட்டுவிடு, எனக்குச் சரிவராது" என்றார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவர் என்னை நீ என்று சொன்னார். எனக்கு விட்டுவிடத்தான் விருப்பம். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இல்லை அக்கா. திரும்ப விடுங்கோ."

திரும்ப விட்டார். துளி நேரே கண்ணுக்குள் விழுந்தது. அவர் கண்ணை மூடினார். மூடியபடியே, "ஓம், விழுந்திட்டுது. குளிருது" என்றார்.